முப்பத்தொன்றாம் நம்பர் கேரவன்

என் இடது தோளில் பதினான்கு தையல் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘படியில் தவறி விழுந்தது’ என்று போட்டிருக்கிறார்கள். நான் சொன்னதைத்தான் எழுதினார்கள். நான் சொன்னது பொய். இப்போது எழுதப்போவதுதான் நடந்தது.

பேய் என்றால் நடுராத்திரி, இடி, மின்னல் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 2019 ஜூலை 17, புதன்கிழமை, மாலை 4.12. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏரியின் நடுவில் யாரோ ஒருவர் படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் பெயர் ஜானெல் ருவோனா. மிச்சிகனின் வடக்கு மூலையில், எஸ்கனாபாவில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. நான் ஒரு நிமிஷம் பிந்தினால் யார் வீட்டுப் பிள்ளையோ பனியில் நிற்கும். அதனால் எது நடந்தாலும் என் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும். இதில் வரும் நேரமெல்லாம் அப்படிப் பார்த்தவை.

என் கணவன் கர்ட்டுக்குக் காகித ஆலையில் வேலை. அந்த வருஷ வசந்தத்தில்தான் கேரவன் வாங்கினோம்; காரில் கட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. பணக்காரச் சமாச்சாரம் இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். ஏரிக்கரை கேம்ப்பில் மே முதல் அக்டோபர் வரை ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து, கேரவனை அங்கேயே நிறுத்திவிடுவோம். வெள்ளி மாலை போவோம். ஞாயிறு மாலை பூட்டிவிட்டுத் திரும்புவோம். நடுவில் ஐந்து நாள் அது தன்பாட்டுக்குக் கிடக்கும்.

எங்களுடையது டாபின் ஏரி. வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். கடைசி வரிசை, இடம் எண் 31. கேரவனைக் கேம்ப் முதலாளி ஓரின் டாஸ்கரிடமே வாங்கினோம். பழைய வண்டி. புதுச் சாயம் அடித்து வைத்திருந்தார்.

“யாருது இது?” என்று கர்ட் கேட்டான்.

“விட்டுட்டுப் போயிட்டாங்க. பின்னாடி காட்டோரம் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தேன். ஒரு சொட்டு ஒழுகாது. அதுக்கு நான் பொறுப்பு.”

ஒழுகவில்லை. அதில் அவர் பொய் சொல்லவில்லை.

ஞாயிறு பூட்டும்போது செய்வதற்கென்று ஒரு வரிசை வைத்திருந்தேன். ஃபிரிட்ஜைக் காலிசெய்து, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைப்பேன். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். கேஸ் வால்வை மூடுவேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்துவேன். கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பேன். பாத்திரத் தொட்டிக்கு அடியில் இரண்டு எலிப்பொறி. பிறகு மேல் பூட்டு, கீழ்ப் பூட்டு. அதற்குள் கர்ட் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பான்.

“ஏரோப்ளேனா கிளப்பப் போற? வா, ஜானெல்.”

முதல் இரண்டு வாரமும் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி, மாலை 6.50. கதவைத் திறந்தேன். உள்ளே எல்லா அலமாரிக் கதவுகளும் திறந்து கிடந்தன. ஒன்பது கதவு. ஒன்பதும். கரண்டிகள் தரையில்.

“அடியில முட்டுக் கொடுத்த ஜாக்கி ஒரு பக்கம் இறங்கியிருக்கும்” என்றான் கர்ட். ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. இன்னொரு இடத்தில் வைத்தான். அங்கும் நடுவில். கரண்டிகளைப் பொறுக்கினான்.

ஜூன் 14, வெள்ளி, 7.05. எலிப்பொறி இரண்டும் விழுந்திருந்தன. எலி இல்லை. பொறியின் அடிப்பலகை இரண்டிலும் குறுக்கே முறிந்திருந்தது. யாரோ முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. கதவின் உள்பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பள்ளம். என் கை முஷ்டி அதில் சரியாக உட்கார்ந்தது.

“நீ பெட்டியை இடிச்சிருப்ப.”

“நான் எப்போ பெட்டி கொண்டுவந்தேன்?”

அவன் உடைந்த பொறிகளை எடுத்துக் குப்பையில் போட்டான்.

அடுத்த வாரம் கர்ட்டுக்கு ஓவர்டைம். போகவில்லை. ஜூன் 28 அன்று போனபோது சாப்பாட்டு மேஜையின் கால் பிய்ந்து கட்டிலின்மேல் கிடந்தது. திரைச்சீலைகள் எல்லாம் அறுந்திருந்தன. கதவின் உள்பக்கத்தில் இப்போது பதினேழு பள்ளங்கள். எண்ணினேன். வெளிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பூட்டும் நான் பூட்டியபடியே இருந்தன.

இன்னொன்று. பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்த இடத்தில் அடைசல் வாடைதானே வரும்? அன்று வந்தது வேர்வை வாடை. சற்று முன்புவரை யாரோ அங்கே மூச்சிரைக்க நின்றிருந்தது போல…

ஓரினைக் கூப்பிட்டோம். வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“கரடியா இருக்கும்.”

“கரடி சாவி போட்டு உள்ள வந்து, திரும்பப் பூட்டிட்டுப் போச்சா?” என்றான் கர்ட்.

“இந்தப் பக்கத்துக் கரடிங்க கெட்டிக்காரங்க” என்று சொல்லிவிட்டு ஓரின் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது. கண் என் பக்கம் திரும்பவே இல்லை.

பக்கத்து இடம், 30-இல், லொரேன் பொடான் இருந்தாள். எழுபத்திரண்டு வயது. தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கோடை முழுவதும் அங்கேயே தங்குகிறவள் அவள் ஒருத்திதான். அன்று மாலை 8 மணிக்கு வேலிப் பக்கம் வந்து நின்றாள். சிகரெட்டை மறைத்துப் பிடித்திருந்தாள்.

“கண்ணு, தப்பா எடுத்துக்காத. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா வீட்டுலயே போட்டுக்கோங்க.”

“என்ன சண்டை?”

“புதன்கிழமை சாயந்திரம். போன வாரமும் புதன்தான். அடி விழுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. வண்டியே ஆடுது. நீ கத்துற கத்து…”

“லொரேன், நாங்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவோம். புதன்கிழமை நான் வீட்டுல இருக்கேன்.”

அவள் சிகரெட்டைக் கீழே போட்டாள். மிதித்தாள். நெடுநேரம் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

“நான் ரேடியோவைப் பெருசா வெச்சுக்கிட்டேன்” என்றாள். “அவ்வளவுதான் செஞ்சேன்.”

கர்ட் மனுஷ வேலை என்றே நம்பினான். யாரோ ஒரு நாடோடி தரையில் ஓட்டை போட்டு வருகிறான் என்றான். அடியில் படுத்துத் தேடினான். ஓட்டை இல்லை. ஜூலை 7, ஞாயிறு, மான் வேட்டைக்கு மரத்தில் கட்டும் கேமரா இரண்டைக் கொண்டுவந்தான். ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும். ஒன்றை வெளியே பைன் மரத்தில் கட்டினான். இன்னொன்றை உள்ளே அலமாரிக் கைப்பிடியில் கட்டினான்.

ஜூலை 12 அன்று பார்த்தோம். வெளிக் கேமராவில் ஒரு முயல். அவ்வளவுதான். யாரும் வரவில்லை. யாரும் போகவில்லை.

உள்கேமரா இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது. படம் பதியும் மெமரி அட்டை மட்டும் பிழைத்திருந்தது. கர்ட் அதைத் தன் போனில் போட்டான்.

அறுபத்து மூன்று படங்கள். முதல் படம் புதன், 4.12. எல்லாப் படத்திலும் அதே காலியான கேரவன். ஆள் இல்லை. நிழல் இல்லை. ஆனால் ஒன்றில் மேஜை நிற்கிறது. அடுத்ததில் சாய்ந்திருக்கிறது. அடுத்ததில் கட்டில் மெத்தை செங்குத்தாக நிற்கிறது. நாற்பதாவது படத்திலிருந்து கேமரா கதவை நோக்கித் திரும்பிவிட்டது. யாரும் தொடாமல். ஒவ்வொரு படத்திலும் கதவு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வருகிறது…

கடைசிப் படத்தில் கதவு மட்டும்தான்.

கர்ட் போனை அணைத்தான். “வித்துடலாம்” என்றான்.

“யாருக்கு விக்கறது? என்ன சொல்லி விக்கறது?”

“அப்போ எரிச்சுடலாம். நீ மட்டும் தனியா இங்க வராத. சொல்லிட்டேன்.”

நான் தனியாகப் போகவில்லை. லொரேன் இருந்தாள்.

அவள்தான் ஜூலை 16, செவ்வாய் இரவு, எனக்குப் போன் செய்தாள். “நாளைக்கு வா. உனக்கு ஒண்ணு சொல்லணும். போன்ல சொல்ல முடியாது.” கோடை விடுமுறை. பஸ் இல்லை. கர்ட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டான். புதன் மதியம் 3.20-க்குக் கேம்ப்பில் இருந்தேன்.

வாரநாளில் அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. நாற்பது கேரவன். எல்லாத் திரையும் மூடியிருந்தது. நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு குரல் இல்லை. சமைக்கும் வாசனை இல்லை. கொசு மட்டும்.

லொரேன் எனக்குப் பீர் திறந்து கொடுத்தாள். அவளே அதை எடுத்துக் குடித்துவிட்டாள்.

“அது க்ளென் வெண்ட்டோட வண்டி” என்றாள். “சாயம் அடிச்சதால முதல்ல எனக்கு அடையாளம் தெரியல. சத்தம் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. ஒன்பது வருஷம் முன்னாடி இதே இடத்துலதான் நின்னுது. அவனும் பொண்டாட்டியும் வாரம் தவறாம வருவாங்க. பட்ரீஸ்னு பேரு. ஒல்லியா, பேசவே பேசாது. ஞாயித்துக்கிழமை அவன் கிளம்பிப் போவான். அவளும் கூடப் போறான்னுதான் நாங்க நினைச்சோம்.”

“போகலையா?”

“வெளிப்பக்கம் கொண்டி போட்டுப் பூட்டிட்டுப் போவான். ஜன்னலுக்கெல்லாம் உள்ள பலகை. கேட்டா வெயிலுக்குன்னான். அஞ்சு நாளைக்கு ரொட்டியும் தண்ணியும். வெள்ளிக்கிழமை வந்து திறப்பான். ஒன்பது வாரம், ஜானெல். ஒன்பது வாரம் அவ உள்ள இருந்தா.”

“உங்களுக்குச் சத்தம் கேக்கலையா?”

லொரேன் ஏரியைப் பார்த்தாள்.

“கேட்டுது.”

நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

“ஓரினைக் கேட்டேன். அணில் பூந்திருக்கும்னார். எனக்கும் அணில்னு நம்பிக்கிறது சௌகரியமா இருந்துச்சு. ரேடியோவைப் பெருசா வெச்சேன். ஒரு வாரம் க்ளென் வரல. எங்கேயோ குடிச்சிட்டு வண்டி ஓட்டி, ஜெயில்ல வெச்சுட்டாங்க. பத்தாவது நாள்தான் ஓரின் பூட்டை உடைச்சார். ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது பார்த்தேன். உடம்புல அடிபடாத இடமே இல்ல. மூச்சு இல்ல. போயிட்டா.”

இப்போது எனக்குப் புரிந்தது. அப்படித்தான் நினைத்தேன். பள்ளங்கள் ஏன் உள்பக்கம் மட்டும் என்று. நாங்கள் இருக்கும்போது ஏன் அமைதி என்று. ஒவ்வொரு ஞாயிறும் மேல் பூட்டு, கீழ்ப் பூட்டு போட்டு அவளை மறுபடி அடைத்துவிட்டுப் போனது யார் என்று.

நான்தான்.

மணி 4.05. இருவரும் 31-இன் வாசலுக்குப் போனோம். நான் சாவியை எடுத்தேன்.

“என்ன பண்ணப் போற?”

“திறந்துவிடப் போறேன். அவ தட்டுற நேரத்துல ஒன்பது வருஷமா ஒருத்தரும் திறக்கல.”

லொரேன் என்னைத் தடுக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

4.10. ஒன்றும் இல்லை. ஏரியில் அந்தப் படகு. தண்ணீரில் மீன் துள்ளும் சத்தம்.

4.12.

உள்ளே, கட்டில் பக்கமிருந்து, காலடிச் சத்தம். வெறுங்கால். மெதுவாக. ஒன்று… இரண்டு… மூன்று… கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு அடிதான் வைக்க முடியும். நான் எத்தனையோ தடவை நடந்த தரை. காலடி பதினெட்டு வரை போனது.

நின்றது.

பிறகு அடி.

தடார்.

கதவு நடுங்கியது. தடார். மறுபடி. ஜாக்கிகள் கிறீச்சிட்டன. கூரைமேல் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் தளும்பி என் முகத்தில் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று குறுக்கே விரிசல் விட்டது. தடார். தடார். தடார். உள்ளே ஒரு பெண் கதறினாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு கதறலைக் கேட்டதில்லை.

“அவதான்” என்றாள் லொரேன். “அவ குரல்தான்.”

சட்டென்று எல்லாம் நின்றது. கதவுக்குப் பின்னால், என் முகத்துக்கு நேராக, ஒரு குரல். தணிந்த குரல். பணிவாக.

“திறங்க… நான் போயிடறேன்.”

மேல் பூட்டைத் திறந்தேன்.

“திறங்க.”

கீழ்ப் பூட்டைத் திறந்தேன்.

கதவு வெடித்தாற்போல் வெளியே வந்தது. அதன் விளிம்பு என் தோளைக் கிழித்தது. லொரேன் படியிலிருந்து பறந்து பின்னால் இருந்த மர மேஜையில் போய் விழுந்தாள். நான் விழவில்லை. விழ விடவில்லை. என் தலைமுடியை ஒரு கை பிடித்திருந்தது.

கையை நான் பார்க்கவில்லை. பிடியை உணர்ந்தேன். ஐந்து விரலையும்.

உள்ளே இழுத்தது.

முகத்தை ஃபிரிட்ஜில் மோதியது. ஒரு முறை. இரண்டாம் முறை. பல் ஒன்று நாக்கில் உதிர்ந்தது. மூன்றாம் முறை மோதியபோது வலி இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. கீழே தள்ளியது. விலாவில் உதைத்தது. கண்ணைத் திறந்தேன். உள்ளே வெயில் பளிச்சென்று இருந்தது. தரையில் என் ரத்தம். என் இடது கை மேலே தூக்கி நின்றது. யாரும் பிடிக்காமல். மெல்லப் பின்பக்கம் வளைந்தது… இன்னும் வளைந்தது…

மூட்டு கழன்றது.

நான் கத்தினேன். கர்ட்டைக் கூப்பிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன். என்னை விடச் சொல்லிக் கெஞ்சினேன். கத்தக் கத்த அடி நின்று நின்று விழுந்தது.

கேட்டுக்கொண்டிருந்தது போல.

என் கணுக்காலை யாரோ பற்றினார்கள். இந்தக் கை சூடாக இருந்தது. சுருக்கம் விழுந்த கை. லொரேன். வாசலில் மண்டியிட்டு, ஒரு கையால் என்னை இழுத்தாள். இன்னொரு கை மணிக்கட்டில் முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“விடு அவளை. என்னை அடி. கேட்டும் வராதவ நான்தான். என்னை அடி.”

பிடி விட்டது.

என்னைத் தாண்டி எதுவோ போனது. கதவு அடித்துக்கொண்டது. படியில் ஒரு காலடி. பிறகு சரளைக்கல் பாதையில்… நறுக், நறுக், நறுக். நிதானமான நடை. ஓடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் சின்னதாகப் புழுதி எழும்பியது. பெரிய சாலை வரைக்கும் புழுதி போனது. பிறகு இல்லை.

மணி 4.19.

ஆஸ்பத்திரியில் படியில் விழுந்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல? யாரும் நம்பவில்லை. ஷெரிஃப் ஆள் ஒருவர் கர்ட்டைத் தனியறைக்கு அழைத்துப் போய் இரண்டு மணி நேரம் கேட்டார். அவன் ஆறு மணி வரை ஆலையில் இருந்தது வருகை அட்டையில் பதிந்திருந்தது. அதனால் விட்டார்கள். கர்ட் வெளியே போன சமயம் நர்ஸ் ஒரு சின்னச் சீட்டை என் கையில் வைத்து மூடினாள். அடிபடும் மனைவிகள் கூப்பிடும் நம்பர். இருபத்திரண்டு வருஷத்தில் என்மேல் குரல்கூட உயர்த்தாத மனுஷன். கடையில் அவனைப் பார்த்து ஜனங்கள் விலகினார்கள். ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

நடந்ததை அவனுக்கு மட்டும் சொன்னேன். நம்பினான். அடுத்த வாரமே கேரவனை இழுத்துப் போய்ப் பழைய இரும்புக்காரனிடம் நசுக்கக் கொடுத்தான். நசுக்கி முடியும்வரை அங்கேயே நின்றான்.

லொரேன் கேம்ப்பை விட்டுவிட்டாள். கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்க்க வந்தாள்.

“அவ அடிச்சது நியாயம்தான்” என்றாள். “ஆனா உன்னை ஏன் அடிச்சான்னுதான் தெரியல. நீ திறந்துவிட்டவ.”

எனக்கும் அதுதான் புரியவில்லை.

இலையுதிர்காலம் முழுக்க பட்ரீஸின் நினைவாகவே இருந்தேன். அவள் கல்லறையில் பூ வைக்க வேண்டும் என்று தோன்றியது. தேடினேன். எங்கும் இல்லை. என் பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா கோர்ட்டில் எழுத்தராக இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தை நீட்டினாள்.

“கல்லறையா? க்ளென்தான் செத்தான், ஜெயில்ல. அந்த அம்மா உயிரோடதான் இருக்காங்க. டுலூத்ல. பேக்கரி வெச்சிருக்காங்க.”

ஆம்புலன்ஸில் மூச்சு திரும்பியிருக்கிறது.

நவம்பர் 20, மாலை 5.30. போன் செய்தேன். எடுத்தது நடுவயதுக் குரல். நான் யார் என்று சொன்னேன். கேரவனைச் சொன்னேன். உடனே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“புதன்கிழமையா?” என்றாள்.

“ஆமா.”

“நாலு மணிக்கு மேல.”

“ஆமா. நாங்க… அது நீங்கன்னு நினைச்சோம். உங்க குரல்ல பேசிச்சு.”

“என்கிட்ட இருந்து கத்துக்கிட்டுது. நான் வந்த புதுசுல வேற ஒரு பொம்பளை குரல்ல பேசும். அவ யாருன்னு எனக்குத் தெரியாது.” மூச்சு விட்டாள். “சனி, ஞாயிறு என்னை அடிச்சது க்ளென். புதன்கிழமை அடிச்சது அவன் இல்ல. போலீஸ்கிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட சொன்னேன். எல்லாத்தையும் அவன் கணக்குலயே எழுதிட்டாங்க. ‘திறங்க, நான் போயிடறேன்’னு என்னைத்தான் கேக்கும், புதனுக்குப் புதன். நான் எப்படித் திறக்கிறது? பூட்டு வெளியில. அந்தப் பாவி எனக்குச் செஞ்ச ஒரே நல்லது அந்தப் பூட்டு. இல்லேன்னா நானும் அதை வெளியில விட்டிருப்பேன்.”

“வெள்ளிக்கிழமை நாங்க திறந்தப்போ எல்லாம் அது போகலையே.”

“நீங்களா திறந்தா போகாது. அது கேக்கணும். கேட்டு நீங்க திறக்கணும்.”

என் கை தோள் தையலுக்குப் போனது.

“திறந்தீங்களா?” என்றாள்.

“திறந்தேன்.”

“உங்களை அடிச்சுதா?”

“அடிச்சுது. ஏழு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுது.”

“அப்போ நீங்க கத்தினீங்களா?”

“கத்தினேன்.”

போனில் அவள் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். மாவு பிசையும் இயந்திரமாக இருக்கும். அது நின்ற பிறகுதான் பேசினாள்.

“அப்போ அதுக்கு உங்க குரல் தெரியும்.”

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நான் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. மழையோ பனியோ, இரண்டு கையிலும் சாமானோ, சாவி போட்டுத்தான் உள்ளே வருவேன். வெளியிலிருந்து என் குரல் கதவைத் திறக்கச் சொன்னால் திறக்கக் கூடாது என்று கர்ட்டிடம் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை இரண்டு முறை அவன் திறக்கவில்லை.

இரண்டு முறையும் நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.